ஒரே பெயர்... இரண்டு வேர்கள்! எடை குறைப்புக்கு சீன மருத்துவம் கைகொடுக்குமா?

காலையில் என்ன சாப்பிடலாம், மதியம் எவ்வளவு சாப்பிடலாம், இரவுச் சாப்பாட்டை எத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும்? வழக்கமாக இதையெல்லாம் வீட்டுப் பெரியவர்கள்தான் சொல்வார்கள். சீனாவில் அரசாங்கமே சொல்ல ஆரம்பித்துவிட்டது!

2024 பிப்ரவரியில் சீனாவின் தேசிய சுகாதார ஆணையம், உடல் பருமன் உள்ள பெரியவர்களுக்காக ஓர் உணவு வழிகாட்டியை வெளியிட்டது. நாட்டை 7 பகுதிகளாகப் பிரித்து, அந்தந்தப் பகுதியில் கிடைக்கும் காய், மீன், தானியங்களை வைத்து, பருவத்துக்கு ஏற்றபடி சாப்பாட்டுப் பட்டியலே போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதே ஆண்டு ஜூனில் 16 அரசுத் துறைகள் சேர்ந்து, மூன்று ஆண்டுகளுக்கான எடைக் கட்டுப்பாட்டு இயக்கத்தையும் தொடங்கின.

காரணம் இல்லாமல் இல்லை. சீனாவில் பெரியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அதிக எடையோ, உடல் பருமனோ உள்ளவர்கள் என்று 2020 இறுதியில் வந்த அரசு அறிக்கையே சொன்னது. ஒரு தலைமுறைக்கு முன்புவரை சைக்கிளில் போய்க்கொண்டிருந்த நாடு அது!

அந்த உணவு வழிகாட்டியில் மொத்தம் 6 அறிவுரைகள். அளவாகச் சாப்பிடுங்கள், எண்ணெயும் இனிப்பும் மதுவும் குறையுங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள், நடங்கள், நன்றாகத் தூங்குங்கள், அவசரப்படாமல் எடையைக் குறையுங்கள் என்பதெல்லாம் எந்த மருத்துவரும் சொல்வதுதான். ஆனால், ஐந்தாவது அறிவுரை மட்டும் வித்தியாசமானது. மருந்தாகவும் பயன்படும் உணவுப் பொருள்களை அவரவர் உடல்வாகுக்கு ஏற்பத் தேர்ந்தெடுங்கள் என்கிறது அது. அங்கேதான் சீனப் பாரம்பரிய மருத்துவம் உள்ளே வருகிறது.

அந்த மருத்துவம் உடல் பருமனை எப்படிப் பார்க்கிறது? அதில் எது பலன் தருகிறது? 'சீன மூலிகை' என்ற பெயரில் ஆன்லைனில் விற்கும் டீயையும் கேப்சூலையும் நம்பி வாங்கலாமா?

2,000 ஆண்டுகளுக்கு முன்பே...

சீன மருத்துவத்தின் மூல நூல் 'ஹுவாங்தி நெய்ஜிங்'. ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன்பு தொகுக்கப்பட்டது. பேரரசர் கேள்வி கேட்பார், மருத்துவர் பதில் சொல்வார். அப்படியே உரையாடலாகப் போகும் நூல் அது.

இனிப்பும் கொழுப்புமாக நாள்தோறும் ருசித்துச் சாப்பிடுபவருக்கு உடலின் உள்ளே சூடு ஏறும், வயிறு திம்மென்று இருக்கும், கடைசியில் அது தீராத தாக நோயாக மாறும் என்று அந்த நூல் சொல்கிறது. இன்றைய மொழியில் சொன்னால், சர்க்கரை நோயை ஒத்த ஒரு நோய். விருந்துச் சாப்பாட்டுக்கும் பருமனுக்கும் சர்க்கரைக்கும் உள்ள தொடர்பை ரத்தப் பரிசோதனை இல்லாத காலத்திலேயே கவனித்திருக்கிறார்கள்.

'எல்லா குண்டும் ஒன்றல்ல' என்பதும் அதே நூலில் இருக்கிறது. தொப்பை தொங்கி, சதை தளர்ந்திருப்பவர். கொழுப்பு இருந்தாலும் உடல் கச்சிதமாக இருப்பவர். உடம்பு முழுக்கவே சதைப்பிடிப்பாகப் பெரிதாக இருப்பவர் என மூன்று வகையாகப் பிரிக்கிறது. வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்புதான் அதிக ஆபத்து என்று இன்றைய மருத்துவர்கள் இடுப்பளவை டேப் வைத்து அளக்கிறார்கள் அல்லவா? அந்தப் பார்வையின் பழைய வடிவம் இது.

ஈர விறகும் எரியாத அடுப்பும்

பிற்காலத்தில் ஜு டான்ஷி (1281-1358) என்ற புகழ்பெற்ற மருத்துவர், பருத்த உடம்புக்காரர்களிடம் ஈரமும் சளியும் மிகுந்திருக்கும் என்று சொல்லிவைத்தார். இன்றுவரை சீன வைத்தியர்கள் உடல் பருமனுக்குச் சொல்லும் முதல் காரணம் இதுதான்.

இங்கே 'சளி' என்றால் மூக்கில் ஒழுகும் சளி மட்டும் அல்ல. செரித்து, மாறி, உடம்புக்குச் சக்தியாக வேண்டிய உணவு அப்படி மாறாமல் பிசுபிசுவென்று தேங்கிவிடுவதைத்தான் அவர்கள் சளி என்கிறார்கள். அதை மாற்றிக் கொடுக்க வேண்டிய வேலை மண்ணீரலுடையது என்பது அவர்கள் கணக்கு. இது நவீன மருத்துவம் சொல்லும் மண்ணீரல் அல்ல. நம் உடலில் உள்ள மண்ணீரல் பழைய ரத்த அணுக்களை வடிகட்டும், நோய் எதிர்ப்புக்கு உதவும், அவ்வளவுதான். சீன மருத்துவத்தில் மண்ணீரல் என்பது செரிமான வேலை மொத்தத்துக்கும் வைத்த பெயர்.

வீட்டு அடுப்பை வைத்து இதைப் புரிந்துகொள்ளலாம். விறகு காய்ந்திருந்தால் அடுப்பு பற்றி எரியும், பானையில் இருப்பது வேகும். விறகு ஈரமாக இருந்தால்? புகைதான் மிஞ்சும், பானையில் இருப்பது அரைவேக்காடாகக் கிடக்கும். அளவுக்கு மீறிய சாப்பாடு, இனிப்பு, ஜில்லென்ற பானங்கள், ராத்திரி நேரத் தீனி, ஓயாத கவலை, உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமல் இருப்பது... இவையெல்லாம் விறகை ஈரமாக்கும் வேலைகள்.

இந்த விளக்கத்தை ஆய்வுக்கூடத்தில் அளந்து காட்ட முடியாது. ஆனால், அதிலிருந்து பிறக்கும் அறிவுரையைப் பாருங்கள்: அளவாகச் சாப்பிடு, சூடாகச் சாப்பிடு, இரவில் குறை, உட்கார்ந்தே இருக்காதே. இதில் பெரும்பாலானதை இன்றைய மருத்துவரும் மறுக்க மாட்டார்.

ஒரே எடை... ஐந்து காரணங்கள்

சீன வைத்தியர் எடை மெஷினைப் பார்ப்பதற்கு முன்பு நாக்கைப் பார்ப்பார். வெள்ளையாகப் படிந்திருக்கிறதா, ஓரத்தில் பல் பதிந்த தடம் இருக்கிறதா என்று கவனிப்பார். நாடி பிடிப்பார். பசி எப்படி, மலம் எப்படி, தூக்கம் எப்படி, மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று கேட்பார். அதை வைத்து ஆளை வகைப்படுத்துவார். 2024-ம் ஆண்டு வழிகாட்டி அப்படி 5 வகைகளைச் சொல்கிறது.

1. வயிற்றில் சூடு உள்ளவர்: எப்போதும் பசி, தாகம், வாய் நாற்றம், மலச்சிக்கல். இவருக்கு முளைகட்டிய பார்லி போன்றவை.

2. சளியும் ஈரமும் மிகுந்தவர்: உடம்பு பாரமாக இருக்கும், தொப்பை இருக்கும், எந்நேரமும் தூக்கம் வரும். இவருக்கு உலர்ந்த ஆரஞ்சுத் தோல், முத்துமுத்தாக இருக்கும் ஒருவகைப் புல் தானியம் போன்றவை.

3. மன அழுத்தத்தால் சக்தி ஓட்டமும் ரத்த ஓட்டமும் தேங்கியவர்: எரிச்சல், நெஞ்சடைப்பு, மாதவிலக்குக் கோளாறு. இவருக்கு ஹாதார்ன் என்ற புளிப்பான சிவப்புப் பழம் போன்றவை.

4. செரிமானம் பலவீனமானவர்: கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு உப்பும், களைப்பு தீராது. இவருக்குத் தாமரை விதை, சீனக் கிழங்கு போன்றவை.

5. உடலில் வெப்பம் குறைந்தவர்: கை கால் சில்லிட்டிருக்கும், இடுப்பு வலிக்கும். இவருக்குச் சோம்பு, பட்டை போன்றவை.

ஆக, 85 கிலோ எடையுள்ள இரண்டு பேர் ஒரே நாளில் போனாலும், இருவரும் ஒரே மருந்தோடு திரும்ப மாட்டார்கள். ஒருவருக்குக் குளிர்ச்சி தருவது இன்னொருவருக்கு ஆகாது என்பது இந்த மருத்துவத்தின் அடிப்படை விதி. 'இந்த மூலிகை எடையைக் குறைக்கும்' என்று அது சொல்வதில்லை. 'இந்த ஆளுக்கு, இந்தக் காரணத்துக்கு, இத்தனை நாளைக்கு' என்றுதான் சொல்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் விபரீதங்கள் எல்லாம் இந்த விதியைக் கைவிட்டதால் வந்தவை.

ஊசி, நூல், விதை

மூலிகைக்கு அடுத்தபடியாக அக்குபங்சர். தொப்புளின் இருபுறமும் உள்ள 'தியன்ஷு', முழங்காலுக்குக் கீழே உள்ள 'ஜுசன்லி', சளியைக் கரைக்கும் என்று சொல்லப்படும் கெண்டைக்கால் பகுதிப் புள்ளியான 'ஃபெங்லாங்' ஆகியவை எடைக் குறைப்புக்கு அடிக்கடி பயன்படுத்தப்படுகின்றன.

வாரத்துக்கு மூன்று நாள் ஊசி குத்திக்கொள்ள நேரம் இல்லாதவர்களுக்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். உடலுக்குள் தானாகக் கரைந்துவிடும் சிறிய நூலை அந்தப் புள்ளிகளில் தோலுக்கு அடியில் வைத்துவிடுவார்கள். அது கரையும்வரை ஒன்றிரண்டு வாரங்களுக்கு அந்தப் புள்ளி தூண்டப்பட்டுக்கொண்டே இருக்கும் என்பது நம்பிக்கை. சீன நகரங்களில் வெயில் காலம் நெருங்கினால் இதற்குக் கூட்டம் சேரும். சுத்தம் இல்லாத இடத்தில் செய்துகொண்டால் சீழ் பிடிக்கும் அபாயமும் உண்டு.

காது மடலில் கடுகு மாதிரியான சின்ன விதைகளைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டி, பசிக்கும்போது அழுத்திக்கொள்வது இன்னொரு முறை.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

அக்குபங்சர் பற்றி நிறைய ஆய்வுகள் வந்திருக்கின்றன. ஆனால் பெரும்பாலானவை சிறியவை, சில வாரங்களே நடந்தவை. கொஞ்சம் எடை குறைகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. அதேசமயம், ஊசி போடுவதுபோல் பாவனை செய்த குழுவோடு ஒப்பிட்டால் இந்த வித்தியாசம் சுருங்கிவிடுகிறது. உணவுக் கட்டுப்பாட்டோடு சேர்ந்தால் துணையாக இருக்கலாம், தனியாக அற்புதம் செய்யாது.

உறுதியான சான்று எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. மருந்தும் இல்லை, ஊசியும் இல்லை. மெதுவாகக் கை காலை அசைத்துச் செய்யும் 'டாய் சி' பயிற்சி! ஹாங்காங்கில் வயிற்றுப் பருமன் உள்ள, 50 வயதைத் தாண்டிய 543 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு டாய் சி செய்தது, ஒரு குழு வழக்கமான உடற்பயிற்சி செய்தது, மூன்றாவது குழுவுக்கு எந்தப் பயிற்சியும் இல்லை. 12 வாரங்கள் முடிந்ததும் பார்த்தால், பயிற்சி இல்லாதவர்களோடு ஒப்பிடும்போது டாய் சி குழுவினரின் இடுப்பளவு 1.8 செ.மீ., உடற்பயிற்சிக் குழுவினருக்கு 1.3 செ.மீ. குறைந்திருந்தது. 2021-ல் இந்த ஆய்வு வெளியானது. மூட்டுவலியால் ஓட முடியாத, ஜிம்முக்குப் போகக் கூச்சப்படும் வயதானவர்களுக்கு இது நல்ல சேதி.

'இயற்கையின் ஓசெம்பிக்' என்று 2023-ல் சமூக வலைதளங்களில் கொண்டாடப்பட்ட 'பெர்பெரின்' எப்படி? சீனாவில் வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கப்படும் 'ஹுவாங்லியன்' என்ற கசப்பு வேரில் இருக்கும் மஞ்சள் நிறப் பொருள் இது. நம் ஊர் மரமஞ்சளிலும் இருக்கிறது. ஆய்வுகளில் சர்க்கரையும் கொழுப்பும் ஓரளவு குறைந்தன. எடை குறைந்தது ஏதோ ஒன்றிரண்டு கிலோதான். ஓசெம்பிக்கில் உள்ள அதே செமாக்ளூடைடு மருந்து, எடைக் குறைப்புக்கான அளவில் 68 வாரங்களில் சராசரியாக 15 சதவிகித எடையைக் குறைத்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் பெர்பெரினைத் தொடவே கூடாது. பச்சிளம் குழந்தையின் மஞ்சள்காமாலையை அது மோசமாக்கிவிடும்.

பிரஸ்ஸல்ஸில் நடந்தது

இனி சொல்லப்போவது, எடை குறைக்க நினைக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய சம்பவம்.

பெல்ஜியம் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் ஓர் எடைக் குறைப்பு மருத்துவமனை பல ஆண்டுகளாக இயங்கிவந்தது. 1990-ல் தன் கேப்சூலில் சீன மூலிகைப் பொடிகளைப் புதிதாகச் சேர்த்தது. இரண்டே ஆண்டுகளில், 50 வயதுக்கு உட்பட்ட பெண்கள் அடுத்தடுத்து சிறுநீரகம் செயலிழந்து மருத்துவர்களிடம் வந்தார்கள். ஒரே மாதிரியான பாதிப்பு. விசாரித்தால், எல்லோரும் அதே மருத்துவமனையில் எடை குறைக்கப் போனவர்கள்!

1993-ல் 'தி லான்செட்' மருத்துவ இதழில் இது வெளியானதும் உலகம் அதிர்ந்தது. பாதிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை 100-ஐத் தாண்டியது. பலருக்கு டயாலிசிஸ், பலருக்கு மாற்றுச் சிறுநீரகம். அதோடும் முடியவில்லை. செயலிழந்த சிறுநீரகத்தையும் சிறுநீர்க் குழாயையும் முன்னெச்சரிக்கையாக எடுத்துவிட்ட 39 பேரைப் பரிசோதித்ததில், 18 பேருக்குப் புற்றுநோய் இருந்தது 2000-ம் ஆண்டில் தெரியவந்தது.

என்ன நடந்தது? கேப்சூலில் இருக்க வேண்டியது 'ஃபாங் ஜி' என்ற வேர். வீக்கம் வடிய சீன மருத்துவத்தில் கொடுப்பது. ஆனால் சீனச் சந்தையில் அந்தப் பெயரில் இரண்டு வேர்கள் உண்டு. ஒன்று 'ஃபென் ஃபாங் ஜி'. இன்னொன்று 'குவாங் ஃபாங் ஜி'. இரண்டும் வெவ்வேறு தாவரக் குடும்பங்கள். இரண்டாவது வேரில் 'அரிஸ்டோலோக்கிக் அமிலம்' என்ற நஞ்சு இருக்கிறது. பெயர் ஒன்றாக இருந்ததால் வேர் மாறிப்போனது. பொடியாகிவிட்ட வேரைப் பார்த்து யாரால் அடையாளம் சொல்ல முடியும்?

வேர் மாறியது மட்டும் தவறு இல்லை. எந்தச் சீன வைத்தியரும் நாடி பார்த்துக் கொடுத்த மருந்து அல்ல அது. வேறு எடைக் குறைப்பு மாத்திரைகளோடு கலந்து, வந்தவர்களுக்கெல்லாம், மாதக்கணக்கில் கொடுக்கப்பட்டது. 'இந்த ஆளுக்கு, இந்தக் காரணத்துக்கு, இத்தனை நாளைக்கு' என்ற விதி அங்கே காற்றில் பறந்தது.

அதற்காகப் பாரம்பரியத்தின் மேல் தவறே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. குவாங் ஃபாங் ஜி சீனாவிலேயே நெடுங்காலம் புழக்கத்தில் இருந்த மருந்து. சிறுநீரகத்தை மெல்ல மெல்ல அரிக்கும் நஞ்சு பல மாதம் கழித்துத்தான் தெரியும். அனுபவத்தை மட்டும் வைத்து அதைக் கண்டுபிடிப்பது கடினம். அரிஸ்டோலோக்கியா இனத் தாவரங்கள் கலந்த மூலிகை மருந்துகள் மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2002-ல் அறிவித்தது. 2004-ல் சீனாவும் குவாங் ஃபாங் ஜி வேரை மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கியது.

நம் ஊருக்கும் இதில் பாடம் உண்டு. ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி இரண்டும் அதே அரிஸ்டோலோக்கியா இனம்தான். யூடியூப் பார்த்து வீட்டிலேயே கஷாயம் போடுகிறவர்கள் கவனிக்க!

திருநெல்வேலியிலிருந்து போன இலை

'மா ஹுவாங்' என்ற எபிட்ரா மூலிகையின் கதையும் இப்படித்தான். சீன வைத்தியர்கள் அதை ஜலதோஷத்துக்கும் மூச்சிரைப்புக்கும் சில நாள்கள் மட்டும் கொடுப்பார்கள். அமெரிக்காவில் அதைக் காபியில் உள்ள கஃபீனோடு சேர்த்து, எடைக் குறைப்பு மாத்திரையாக விற்றார்கள். மாரடைப்பு, பக்கவாதம், மரணம் என்று புகார்கள் குவிந்ததால், 2004-ல் எபிட்ரா கலந்த சத்து மாத்திரைகளை எஃப்.டி.ஏ. தடை செய்தது.

'ஸ்லிம்மிங் டீ' பொட்டலங்களில் அடிக்கடி இருக்கும் இன்னோர் இலை, நமக்கு நன்றாகவே தெரிந்தது. சீனத்தில் அதன் பெயர் 'ஃபான் ஷியே யே'. 'வெளிநாட்டுப் பேதி இலை' என்று பொருள். அந்த வெளிநாடு எது தெரியுமா? நம் திருநெல்வேலிச் சீமையும்தான்! 'டின்னவெல்லி சென்னா' என்று உலகச் சந்தையில் பெயர் பெற்ற நிலாவாரை இலைதான் அது. குடித்தால் வயிறு போகும். மறுநாள் மெஷினில் ஒரு கிலோ குறைந்து காட்டும். போனது கொழுப்பு இல்லை, தண்ணீர். வாரக்கணக்கில் குடித்தால் உடம்பில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறலாம். டீ இல்லாமல் மலம் கழிக்க முடியாத நிலையும் வரலாம்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, லேபிளில் இல்லாதது. '100% மூலிகை' என்று எழுதிய எடைக் குறைப்பு கேப்சூல்களில் 'சிபுட்ரமின்' என்ற ரசாயன மருந்து ரகசியமாகக் கலந்திருப்பதை எஃப்.டி.ஏ. மீண்டும் மீண்டும் கண்டுபிடித்திருக்கிறது. மாரடைப்பு, பக்கவாத அபாயத்தால் 2010-ல் அமெரிக்காவிலும் சீனாவிலும், 2011-ல் இந்தியாவிலும் விலக்கப்பட்ட மருந்து அது. 'மூலிகைதானே, ஒரே வாரத்தில் பசியே இல்லை' என்று யாராவது வியந்தால், சந்தேகப்பட வேண்டிய இடம் அதுதான்.

எதை எடுத்துக்கொள்ளலாம்?

சீன வழிகாட்டியிலிருந்து நம் வீட்டுக்கும் பொருந்துபவை இவை:

* மூன்று வேளைச் சாப்பாட்டை 3:4:3 என்று பிரித்துக்கொள்ளுங்கள். மதியம் கொஞ்சம் கூடுதல், இரவு குறைவு.

* இரவுச் சாப்பாட்டை மாலை 5 முதல் 7 மணிக்குள் முடிக்கச் சொல்கிறது வழிகாட்டி. வேலைக்குப் போய் வருபவர்களுக்கு இது கஷ்டம். முடிந்தவரை முன்னதாக முடிக்கலாம்.

* தினமும் சுமார் 7 மணி நேரம் தூங்குங்கள். வாரத்துக்கு 150 நிமிடங்களாவது வியர்க்க நடங்கள்.

* மாதத்துக்கு 2 முதல் 4 கிலோ, 6 மாதத்தில் இப்போதைய எடையில் 5 முதல் 10 சதவிகிதம் குறைந்தால் போதும். அதைவிட வேகமாகக் குறைப்பதாகச் சொல்லும் எதையும் சந்தேகியுங்கள்.

* பொட்டலத்தில் தாவரத்தின் முழுப் பெயர், அளவு, தயாரித்தவர் முகவரி, உரிம எண் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

* சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, ரத்தம் உறையாமைக்கான மருந்து சாப்பிடுபவர்கள், சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள், கர்ப்பிணிகள் எந்த மூலிகையையும் மருத்துவரிடம் கேட்காமல் தொடக் கூடாது. ஏற்கெனவே ஏதாவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால், மருத்துவர் கேட்கவில்லை என்றாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். முடிந்தால் பொட்டலத்தையும் கையோடு எடுத்துப் போங்கள்.

பிரஸ்ஸல்ஸ் மருத்துவர்களுக்கு உண்மையைக் காட்டிக் கொடுத்ததும் அந்தக் கேள்விதான்: "வேறு என்ன சாப்பிட்டீர்கள்?"